பெற்றவர் கொடுத்த கொடை



சங்ககாலக் கொடையைப் பற்றிப் பேச யார் எழுந்தாலும், முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும் மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனும் உடனே முன்னுக்கு வந்து நின்றுவிடுவார்கள். பட்டிமன்ற மேடைகளிலும் தமிழ்த்தினப் போட்டிகளிலும் இந்த இருவரையும் நாங்கள் ஓய்வின்றி உழைக்க வைத்திருக்கிறோம். இன்றைய உரையிலே அவர்களைச் சற்று இளைப்பாற விட்டுவிடுவோம். நாடும் மலையும் முரசும் இல்லாத ஒருவர், அடுப்பிலே உலை கொதிக்காத ஒரு வீட்டுக்காரர், தமக்குக் கிடைத்ததைப் பிறருக்குக் கொடுத்த கதையொன்று புறநானூற்றிலே இருக்கிறது. அதைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

அவர் பெருஞ்சித்திரனார். புறநானூற்றிலே அவர் பாடியனவாக 10 பாடல்கள் கிடைக்கின்றன. அவற்றுள் ஆறு, முதிரமலைத் தலைவனாகிய குமணனோடு தொடர்புடையவை. 158ஆம் பாடல் தொடங்கி 163ஆம் பாடல் வரை அடுத்தடுத்து நிற்பவை. இந்த ஆறையும் ஒருசேர வைத்துப் படித்தால் ஒரு குடும்பத்தின் கதை தெளிவாகத் தெரியவரும். தனித்தனியே பாடப்புத்தகத்திலே ஒன்றை மட்டும் படிப்பவர்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை.

159ஆம் பாடலிலே புலவர் தம் வீட்டைக் காட்டுகிறார். முதிய தாய் ஒருத்தி இருக்கிறாள். கோலூன்றி அடிமேல் அடி வைத்து நடப்பவள். முற்றத்தைத் தாண்டிப் போக இயலாதவள். இத்தனை காலம் இருந்தும் உயிர் போகவில்லையே என்று வெறுத்துக்கொள்பவள். மனைவி இருக்கிறாள். இடுப்பிலே சிறு பிள்ளைகள். அவர்கள் பிசைந்து பிசைந்து உண்டதனால் அவளுடைய மார்பு வற்றிப் போயிருக்கிறது. குப்பை மேட்டிலே முளைத்த கீரையை அவள் முன்னரே கிள்ளி எடுத்திருக்கிறாள். கிள்ளிய அதே இடத்திலே மறுபடியும் துளிர்த்த முற்றாத இளந்தளிரை இப்போது மறுபடியும் கிள்ளுகிறாள். உப்பில்லை. வெறும் நீரிலே அவிக்கிறாள். மோரும் இல்லை. சோறு என்ற ஒன்றை அந்த வீடு மறந்தே போய்விட்டது. அழுக்கேறிக் கிழிந்த உடுப்போடு இருந்து அந்தக் கீரையைத் தின்றுகொண்டு, அறத்தைப் பழிக்கிறாள்.

கிள்ளிய இடத்திலே மறுபடி துளிர்த்த கீரை என்ற அந்த ஒரு விவரத்தை நேயர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நேற்றும் இதுதான், முந்தநாளும் இதுதான் என்பதை அந்தத் தளிர் சொல்லிவிடுகிறது. வறுமையை வெளியிலே நின்று பார்த்தவர்கள் கண்ணீரையும் பெருமூச்சையும் எழுதுவார்கள். உள்ளேயிருந்து பார்த்தவர்தான் உப்பில்லை, மோரில்லை என்று குசினியிலே நின்று கணக்குச் சொல்வார்.

அடுத்த பாடலிலே ஒரு மகன் வருகிறான். குடுமித் தலையன். வீட்டிலே இருக்க அவனுக்குப் பிடிக்கவில்லை. பால் இல்லாத மார்பைச் சுவைத்துப் பார்க்கிறான். பிறகு கூழும் சோறும் இருக்கவேண்டிய பானைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து பார்த்துவிட்டு அழுகிறான். தாய் என்ன செய்வாள்? புலி வருகிறது என்று வெருட்டுகிறாள். வெருட்சி பலிக்காதபோது நிலாவைக் காட்டுகிறாள். அதற்கும் அழுகை நில்லாதபோது, “அப்பாவோடு உனக்குக் கோபம் அல்லவா? அந்தக் கோபம் எப்படி என்று காட்டு பார்ப்போம்” என்று விளையாட்டுக் காட்டுகிறாள். இந்தப் பாட்டை வகுப்பிலே நடத்தும்போது சில பிள்ளைகள் வழக்கத்துக்கு மாறாகக் குனிந்துகொண்டிருப்பதை ஆசிரியராயிருப்பவர்கள் அவதானித்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இது இலக்கியப் பாடம் மட்டும் அன்று.

இந்தக் குடும்பத்துக்காகத்தான் புலவர் குமணனிடம் போகிறார். குமணன் வாரி வழங்குகிறான். பொருளோடு அவர் வீடு திரும்புகிறார். திரும்பியதும் மனைவியிடம் என்ன சொன்னார் என்பதே 163ஆம் பாடல்.

“இனி நமக்குக் குறையில்லை, பத்திரமாக எடுத்து வை” என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். உப்பில்லாக் கீரை தின்ற வீடு அல்லவா? ஆனால் அவர் சொன்னது வேறு. உன்னை விரும்பி வாழ்கிறவர்களுக்குக் கொடு. நீ விரும்புகிறவர்களுக்கும் கொடு. உறவினராகிய பெண்களுக்குக் கொடு. நம் சுற்றத்தின் பசி தீர, நெடுநாளாகத் திருப்பிக் கேளாமல் கடன் தந்துகொண்டிருந்தவர்களுக்குக் கொடு. இன்னார்தான் என்று வரையறை வேண்டாம். என்னிடம் கேட்கவும் வேண்டாம். இதை வைத்துக்கொண்டு நீண்டகாலம் வாழலாம் என்று எண்ணவும் வேண்டாம். எல்லோருக்கும் கொடு. இது குமணன் தந்த செல்வம். இவ்வளவுதான் அந்தப் பாட்டின் கருத்து.

“என்னிடம் கேட்க வேண்டாம்” என்ற சொல்லை இங்கே போகிறபோக்கிலே விட்டுவிட மனம் வரவில்லை. கொடுக்கின்ற உரிமையை மனைவியின் கையிலே முழுதாக ஒப்படைத்துவிட்டார் புலவர். காரணம் விளங்கக்கூடியதே. யார் எந்த நாளிலே ஒரு பிடி அரிசி தந்தார்கள், எந்த வீட்டுக்காரி முகம் சுளிக்காமல் தந்தாள் என்ற கணக்கெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். அவர் ஊரூராகப் பாட்டோடு அலைந்தவர். அயலட்டையோடு வாழ்ந்தவள் அவள்.

இந்தப் பாட்டிலே நெடுநாட்கடனைக் குறிக்கப் புலவர் கையாளும் சொல் குறியெதிர்ப்பை. அளவு குறித்து வாங்கி, வாங்கிய அதே அளவு திருப்பிக் கொடுப்பது என்பது அதன் பொருள். திருக்குறளிலே ஈகை அதிகாரத்தின் முதற் குறளிலும் இதே சொல் வருகிறது. வறியவர்களுக்குக் கொடுப்பதே கொடை, மற்றவர்களுக்குக் கொடுப்பதெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையது என்பது வள்ளுவர் கருத்து. இந்தச் சொல்லின் பொருளை மாணவரிடம் கேட்டால் விழிப்பார்கள். “அடுத்த வீட்டிலே ஒரு பேணி சீனி வாங்கி, சங்கக்கடையிலே வாங்கியதும் திருப்பிக் கொடுப்பது யார் யாருடைய வீட்டிலே நடக்கிறது?” என்று கேட்டால் எல்லாக் கைகளும் உயரும். நாங்கள் கைமாற்று என்கிறோம். அவர்கள் குறியெதிர்ப்பை என்றார்கள். பெயர் மாறியதேயன்றி வேலிப் பொட்டுக்குள்ளால் பேணி போய்வருவது மாறவில்லை.

பெருஞ்சித்திரனாரின் வீட்டுக்கு அப்படித் தந்தவர்கள் பணக்காரர் அல்லர் என்று கொள்ள இடமுண்டு. பணக்காரன் ஒரு பேணி அரிசியைக் கடன் என்று கொடுப்பதில்லை. தன் பானையிலும் அரை வயிற்றுக்கே இருக்கிறது என்று அறிந்தவள்தான் “பிறகு தா” என்று சொல்லிக் கொடுப்பாள். “பிறகு தா” என்ற சொல்லிலே ஒரு பெரிய நாகரிகம் ஒளிந்திருக்கிறது. வாங்குகிறவளுடைய தலை குனியாமல் இருப்பதற்காகவே அது சொல்லப்படுகிறது. அந்த வீடு திருப்பித் தராது என்று தெரிந்தும், மறுமுறையும் அதே சொல்லைச் சொல்லிக் கொடுத்தபடியால்தான் அது நெடுநாட்கடன் ஆயிற்று.

திருக்குறளின் அதிகார வைப்பையும் இங்கே கொஞ்சம் பார்க்கலாம். விருந்தோம்பல் 9ஆம் அதிகாரம். இனியவை கூறல் 10. செய்ந்நன்றி அறிதல் 11. ஒப்புரவும் ஈகையும் அதற்குப் பின்னர் வெகுதூரம் தள்ளி 22ஆம் 23ஆம் அதிகாரங்களாக வருகின்றன. தான் பெற்ற நன்றியை அறியக் கற்றவனே பின்னாலே கொடுக்கத் தகுதி பெறுகிறான் என்று இந்த வைப்பை வைத்துச் சொன்னால், உரையாசிரியர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லையே என்று சிலர் மறுக்கக்கூடும். மறுக்கட்டும். பெருஞ்சித்திரனாரின் வாழ்க்கை அந்த வரிசையிலேதான் நடந்திருக்கிறது.

குமணனுக்கு அவர் எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது. மலைக்குத் தலைவனாக இருப்பவனுக்குப் புலவர் எதைக் கொடுப்பார்? பாட்டைக் கொடுத்தார், அது நின்றுவிட்டது. ஆனால் பொருளாக வந்த நன்றி பொருளாகவே வேறு திசையிலே ஓடியது. மேலேயிருந்து வந்த நீர் பள்ளத்தைத் தேடுவதுபோலக் குமணனிடமிருந்து வந்தது அயல்வீட்டுப் பானைகளைத் தேடிப் போயிற்று.

நேயர்களே, பெருஞ்சித்திரனார் கொடுத்தது தமக்குத் தேவையான பொருளை. நாங்கள் இன்று பேசத் துணிவது அதைவிட எளிய ஒன்றைப்பற்றியே. எங்களுக்குத் தேவையில்லாத பொருளைக் கொடுப்பது பற்றி. அலுமாரியைத் திறந்தால் மூன்று வருடமாகக் கை படாத சேலைகள். மூத்த பிள்ளை க.பொ.த. சாதாரண தரம் எழுதி முடித்ததோடு மூலையிலே சாய்த்துவைக்கப்பட்ட சைக்கிள். கால் வளர்ந்துவிட்டபடியால் இரண்டு தவணை மட்டுமே அணிந்த சப்பாத்து. தைப்பார் இல்லாமல் சீலை மூடிக் கிடக்கும் தையல் மெஷின். வெளிநாட்டிலேயிருந்து வந்த உறவினர் விட்டுச்சென்ற பெட்டிகள். வைத்திருந்து இழப்பவர்களுக்குக் கொடுத்து மகிழும் இன்பம் தெரியாதோ என்று வள்ளுவர் வியந்து கேட்டது பொன்னையும் மணியையும் மனத்திலே வைத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். செல் அரித்த சேலைக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

ஆனால் “தேவையில்லாதது” என்ற சொல்லிலே ஒரு வழுக்கல் இருக்கிறது. எனக்குத் தேவையில்லாதது ஒன்று. யாருக்குமே தேவையில்லாதது இன்னொன்று. முதலாவதைக் கொடுப்பது கொடை. இரண்டாவதைக் கொடுப்பது வீடு கூட்டுதல். இரண்டையும் ஒரே பையிலே போட்டுக் கட்டிவிட்டுத் தருமம் செய்ததாக எண்ணிக்கொள்வோர் மெத்தப் பெருகிவிட்டார்கள்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடற்கோள் வந்த பின்பு இது வெட்டவெளிச்சமாயிற்று. எங்கள் நாட்டிலே 30,000க்கு மேற்பட்ட உயிர்களை அது கொண்டுபோனது. உதவி எல்லாத் திசைகளிலிருந்தும் லொறி லொறியாக வந்தது. அந்த உதவிதான் பலரை வாழவைத்தது என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அதே லொறிகளிலே கிழிந்த உடுப்புகளும் வந்தன. அக்கரையிலே தமிழ்நாட்டுக் கரையோரத்திலும் இதே கதை. அங்கே குவிந்த பாவித்த உடுப்புகளிலே பெரும்பகுதி தெருவோரங்களிலே கைவிடப்பட்டுக் கிடந்தது. மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு என்ன வீம்பு என்று கேட்டவர்களும் உண்டு. எல்லாவற்றையும் இழந்தவரிடம் எஞ்சியிருந்தது தன்மானம் ஒன்றுதான் என்பது கேட்டவர்களுக்குப் புரியவில்லை. 1999இலே அன்சு குப்தா என்பவர் டெல்லியிலே தொடங்கிய கூஞ்ச் என்னும் அமைப்பு, தெருவிலே கிடந்த அந்தத் துணிகளை எடுத்துத் தரம்பிரித்துப் பாவனைக்கு உகந்ததாக்கும் வேலையிலே இறங்கியது. உடுக்க முடியாத பருத்தித் துணியையும் அந்த அமைப்பு வீணாக்குவதில்லை. சுத்தம் செய்து, பெண்களுக்கு மாதந்தோறும் வேண்டியிருக்கும் துணியாகத் தைத்துக் கொடுக்கிறது. வறுமைப்பட்ட வீட்டிலே வாய்விட்டுக் கேட்க முடியாத தேவை எது என்று நின்று யோசித்த ஒருவருக்குத்தான் இது தோன்றும். அவருக்கு 2015இலே மகசேசே விருது கிடைத்தது.

பொருநராற்றுப்படையிலே இதற்குச் சரியான ஒரு காட்சி உண்டு. வறிய பொருநன் ஒருவன் கரிகால் வளவனிடம் போகிறான். அவன் உடுத்திருந்த துணியை முடத்தாமக்கண்ணியார் ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறார். ஈரும் பேனும் குடியேறிய துணி. வேர்வையிலே நனைந்த துணி. வேறு வேறு நூலாலே தைத்துத் தைத்துப் பழைய இழை எது, புதிய இழை எது என்று தெரியாத கந்தை. அரசன் அந்தக் கந்தையை நீக்கச் செய்து, பாம்பின் தோலைப்போன்ற மெல்லிய பூவேலைத் துணியை உடுத்துவிக்கிறான். நாளும் பொழுதும் உணவு. கொல்லையை உழுத கொழுவைப்போலப் பல் மழுங்கும்வரை இறைச்சி தின்றதாகப் பொருநன் பெருமையடித்துக்கொள்கிறான். விடைபெறும்போது அரசன் ஏழடி கூடவே பின்னால் நடந்துவந்து வழியனுப்புகிறான்.

வறியவனின் உடம்பிலிருந்து கந்தையைக் களைவதுதான் அங்கே கொடை. எங்கள் காலத்திலே கந்தையை எங்கள் உடம்பிலிருந்து களைந்து வறியவனுக்கு உடுத்துவிடுகிறோம்.

கரிகாலனைப்போல எல்லோராலும் பட்டு உடுத்துவிக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாதுதான். ஆனால் பாவித்த உடுப்பைத் தோய்த்து, அறுந்த தெறியைத் தைத்து, அழுத்தி மடித்துக் கொடுக்க எல்லோராலும் முடியும். சைக்கிளைக் கொடுக்குமுன் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டு, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக் கொடுக்க முடியும். சைக்கிளைத் திருத்தக் காசில்லாத வீட்டுக்குத் திருத்தவேண்டிய சைக்கிளைக் கொடுத்தால், அந்த வீட்டின் முற்றத்திலே ஓர் இரும்புக்குப்பையைக் கொண்டுபோய் வைத்தவர்களாவோம். பேகனையும் இந்த இடத்திலே ஒருமுறை கூப்பிட வேண்டியிருக்கிறது. மயிலுக்குப் போர்வை தேவையா என்று அவன் எண்ணவில்லை என்பதே அவனுக்குப் புகழாயிற்று. மயிலுக்கு அது சரி. ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கம்பளிக் கோட்டைக் கொடுத்தவருக்கு அந்தப் புகழ் கிடைக்காது. யாழ்ப்பாணத்து வெயிலிலே அதை என்ன செய்வது?

இனி, வாங்குகிறவரின் பக்கத்துக்கு வருவோம். பெருஞ்சித்திரனார் இதிலேதான் என்னை மிகவும் கவர்கிறார். அந்த உப்பில்லாக் கீரைப் பாட்டை முடிக்கும்போதே குமணனிடம் ஒரு நிபந்தனையும் வைக்கிறார். தந்தம் உயர்ந்த யானையே ஆனாலும் மனமில்லாமல் காலம் கடத்தித் தந்தால் எனக்கு வேண்டாம். உன் மனம் மகிழ்ந்து, நானும் மகிழும்படி தருவாயானால் குன்றிமணி அளவேயானாலும் வாங்கிக்கொள்வேன். வீட்டிலே பிள்ளை வெறும் பானையைத் திறந்து பார்த்துக்கொண்டு இருக்கும்போது சொன்ன சொல் இது.

வெறும் வாய்ப்பேச்சும் அன்று. அதியமான் நெடுமான் அஞ்சியிடம் ஒருமுறை போனபோது, அவன் நேரிலே காணாமல் பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் அதை ஏற்க மறுத்தார். என்னைக் காணாமலே தந்த பொருளை வாங்கிப்போக நான் வியாபாரப் பரிசிலன் அல்லன். என் தகுதி அறிந்து விரும்பித் தந்தால் தினை அளவு போதும் என்று 208ஆம் பாடலிலே சொல்லிவிட்டு நடந்தார். இளவெளிமான் சிறிதே கொடுத்தபோதும் அதை அவர் கொள்ளவில்லை. குமணனிடம் போய் யானை பெற்றுவந்து, அந்த யானையை இளவெளிமானுடைய ஊரின் காவல்மரத்திலே கட்டி, “இது நான் உனக்குத் தரும் பரிசில்” என்று சொல்லிவிட்டுப் போனார். “சேர், வீட்டிலே பிள்ளைகள் பட்டினி கிடக்க யானையை ஏன் அவனுக்குக் கொடுத்தார்?” என்று மாணவர் கேட்பார்கள். நல்ல கேள்விதான். யானையை வீட்டுக்குக் கொண்டுபோனால் அதற்கும் அல்லவா கீரை தேட வேண்டும் என்று சொல்லி வகுப்பைச் சிரிக்கவைத்துவிட்டு, பிறகுதான் தன்மானம் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

அதியமான் செய்தது புலவரைக் காணாமல் கொடுத்தது. இன்றைக்கு நடப்பதோ அதற்கு நேர்மாறு. வாங்குகிறவரை ஊரெல்லாம் காணும்படி கொடுக்கிறோம். பாடசாலை மேடைகளிலே பார்த்திருப்பீர்கள். வறிய மாணவர்களுக்குக் கொப்பி வழங்கும் வைபவம் என்று பதாகை தொங்கும். பெயர் வாசித்துப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். கொப்பிக் கட்டின் ஒருபுறத்தை நன்கொடையாளரும் மறுபுறத்தைப் பிள்ளையும் பிடித்தபடி, படம் எடுத்து முடியும்வரை நிற்க வேண்டும். கீழே அவனுடைய வகுப்பு முழுவதும் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்தநாள் அவன் அந்தக் கொப்பியைக் கொண்டுவராமல் பழைய கொப்பியின் பின்பக்கத்திலே எழுதிக்கொண்டிருந்தால், ஏன் என்று எந்த ஆசிரியரும் கேட்கத் தேவையில்லை.

இப்போது அதற்கும் மேலே போய்விட்டார்கள். கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளே நுழைந்து, பானையைத் திறந்து காட்டு, எத்தனை நாள் பட்டினி என்று சொல், கணவன் எங்கே போனான் என்று அந்தப் பெண்ணைக் கேட்டு, அவள் அழும்வரை காத்திருந்து படமெடுத்துக் காணொளியாக உலகத்துக்குக் காட்டுகிறார்கள். கடல்கடந்த உறவுகளின் மனம் இளகிக் காசு வருகிறது என்பதும் உண்மை. அந்தக் காசாலே வீடு எழும்பிய குடும்பங்களும் இருக்கின்றன. அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அந்த வீட்டிலே பதினைந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். மறுநாள் அவள் பாடசாலைக்குப் போகவேண்டும். பெருஞ்சித்திரனாரும் தம் வீட்டுப் பானையைத் திறந்துதானே காட்டினார் என்று யாரும் வாதாடலாம். காட்டியவர் அவரே. தம் வாயாலே, தாம் தெரிந்தெடுத்த சொல்லாலே, தாம் தெரிந்தெடுத்த ஒருவனிடம் காட்டினார். பசுவுக்குத் தண்ணீர் தாருங்கள் என்று பிறர்பொருட்டுக் கேட்பதுகூட நாவுக்கு இழிவு தருகிறது என்று வள்ளுவர் சொல்லும்போது, இரந்து நிற்பவரின் உள்ளம் படும் பாடு அவருக்குத் தெரிந்திருந்தது.

இம்மையிலே செய்வது மறுமைக்கு உதவும் என்று கணக்குப் பார்த்து அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் ஆய் அண்டிரன் என்று உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடினார். திருப்பித் தரக்கூடியவர்களுக்குக் கொடுப்பவர்கள் அறத்தை விற்பவர்கள் என்று மணிமேகலையிலும் கேட்கிறோம். அமுதசுரபி மணிமேகலையின் கைக்கு வந்த மணிபல்லவத்திலே சொல்லப்படும் சொல் அது. அந்தத் தீவை எங்கள் நயினாதீவாகக் கொள்வோர் பலர். மறுமைக்காகக் கொடுத்தவனையே வணிகன் என்றார்கள் என்றால், படத்துக்கு விழும் விருப்புக்குறிகளுக்காகக் கொடுப்பவனை முடமோசியார் என்ன சொல்லியிருப்பாரோ தெரியவில்லை.

இதெல்லாம் புதிய நோய் என்று பழைய காலத்தைப் புகழ்ந்துகொள்ளவும் எங்களுக்கு உரிமை குறைவு. எங்கள் ஊர்களிலே பழைய உடுப்புக் கொடுத்தல் என்பது நீண்டகாலம் படலைக்கு வெளியே நின்று வாங்குவோருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. கொடுப்பவரும் வாங்குபவரும் பிறப்பாலே நிச்சயிக்கப்பட்டிருந்தார்கள். இன்னாருடைய சேட்டை இன்னார் போட்டிருக்கிறார் என்று ஊரே சொல்லும். வாங்கியவர் நன்றியோடு இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு, சொன்ன வேலையைச் சொன்ன நேரத்திலே செய்யவேண்டும் என்பதாகவே இருந்தது. செய்ந்நன்றி என்ற அருமையான சொல்லை அடிமைச்சாசனமாக்கிய பழி அந்த வழக்கத்துக்கு உண்டு. அதனாலேதான் இன்றும் சில வீடுகளிலே பாவித்த உடுப்பு என்றால், எவ்வளவு நல்லதாயிருந்தாலும், “வேண்டாம்” என்ற சொல் வாயிலே முந்திக்கொண்டு வருகிறது. அந்த “வேண்டாம்” பேரன் பேர்த்தி காலத்திலும் பேசும் ஒரு நினைவு. நன்றி என்பது பெற்றவர் தாமாக நினைத்துக்கொள்ளும் ஒன்று. கொடுத்தவர் அதை எதிர்பார்க்கத் தொடங்கினால் அது வட்டி.

கொடுப்பவர் பிறப்பிலேயே கொடுப்பவர் அல்லர், வாங்குபவரும் அப்படியே என்பதை 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி எங்களுக்குச் சொல்லித் தந்தது. வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் ஒரே இரவிலே தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். இரண்டு மாடி வீட்டுக்காரரும் ஓலைக்குடிசைக்காரரும் ஒரே மழையிலே, ஒரே வீதியிலே நின்றார்கள். அப்போது பாடசாலை மாணவராக இருந்த என் வயதினருக்கு அது மறக்காது. சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் முன்பின் அறியாதவர்களுக்கு வீட்டு விறாந்தைகளும் மாட்டுக்கொட்டில்களும் பாடசாலை வகுப்பறைகளும் கோயில் மண்டபங்களும் திறக்கப்பட்டன. பெட்டகத்திலே அடுக்கிவைத்த பட்டுச்சேலைகள் வலிகாமத்திலே கிடக்க, மாற்றுடுப்பில்லாதவர்கள் தென்மராட்சிக் குடும்பங்களின் பாவித்த உடுப்பை வாங்கி உடுத்தார்கள். யாருடைய உடுப்பு என்று அன்று யாரும் கேட்கவில்லை. எது தேவை, எது தேவையற்றது என்பதை அரைமணி நேரத்திலே தீர்மானித்துப் பையிலே கட்டவேண்டியிருந்த அனுபவம் உள்ளவர்கள்கூட, பிற்பாடு அலுமாரிகளை மறுபடி நிரப்பிக்கொண்டுவிட்டோம். அது மனித இயல்பு.

அந்த விறாந்தைக்காரர்களுக்கு நாங்கள் எதைத் திருப்பிக் கொடுத்தோம்? பலருடைய பெயர்கூட இன்று நினைவில்லை. சிலர் உயிரோடும் இல்லை. 2000ஆம் ஆண்டு அவர்களும் இடம்பெயர்ந்து, திரும்பி வந்தபோது சாவகச்சேரி இடிபாடாய்க் கிடந்தது. குறியெதிர்ப்பையாகக் கொடுத்துத் தீர்க்க முடியாத கடன் இது. பெருஞ்சித்திரனாருக்குக் குமணனிடத்திலே இருந்ததுபோன்ற கடன். அதை இன்றைக்கு இடருறுகின்ற ஒரு வீட்டிலே கொண்டுபோய்த்தான் கட்டவேண்டியிருக்கிறது.

இடருறும் வீட்டைத் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே, செப்டெம்பர் மாதமளவில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். கடதாசி இல்லாமல் மேல்மாகாணப் பாடசாலைகளிலே தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்த ஆண்டு அது. அதன்பின் விலை ஏறும் வேகம் அடங்கியது. ஏறிய விலை இறங்கவில்லை. கொப்பி, சப்பாத்து, புத்தகப்பை என்று ஜனவரியிலே ஒரு பிள்ளைக்கு வாங்குவதே கூலிவேலை செய்பவருக்குப் பெரும் பாரம். மூன்று பிள்ளைகள் இருந்தால் ஒருவரை நிற்பாட்டலாமா என்று அந்த வீட்டிலே பேச்சு எழும். பெரும்பாலும் அந்தப் பேச்சு அமைதியாகவே நடக்கும். வரவு இடாப்பிலே ஒரு பெயருக்கு நேரே தொடர்ந்து விழும் கோடுகளாகத்தான் ஆசிரியருக்கு அது தெரியவரும்.

இதை ஓசையில்லாமல் செய்கிறவர்களும் எங்கள் ஊர்களிலே இருக்கிறார்கள். பிள்ளைக்கு அளவில்லாமற் போன சப்பாத்தைக் கழுவிக் காயவைத்து, வகுப்பாசிரியரின் மேசைக்குக் கீழே பத்திரிகையிலே சுற்றி வைத்துவிட்டுப் போகிற தாய்மார் இருக்கிறார்கள். யாருக்கு என்றும் சொல்லமாட்டார்கள். யார் தந்தது என்றும் சொல்லவேண்டாம் என்பார்கள். தையல் மெஷினை இலவசமாகக் கொடுத்தால் வாங்கமாட்டாள் என்று தெரிந்து, “எனக்கு இரண்டு சட்டை தைத்துத் தந்து கழித்துவிடு” என்று சொல்லிக் கொடுத்த ஒருவரை நான் அறிவேன். இரண்டு சட்டையும் தைத்து வந்தன. கணக்குத் தீர்ந்தது. இரண்டு வீட்டுக்காரரும் இன்றைக்கும் சமமாக வேலியிலே நின்று கதைக்கிறார்கள். எங்கள் பாட்டிமார் உலை வைக்க அரிசி அளந்தபின், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து வேறு பெட்டியிலே போடுவார்கள். பிடியரிசி என்பது அதன் பெயர். அந்த ஒரு பிடியாலே பானையிலே சோறு குறைந்ததாக யாரும் கண்டதில்லை.

நேயர்களே, நேரம் முடிவை நெருங்குகிறது. பெருஞ்சித்திரனாரின் மனைவி அந்தச் செல்வத்தை யார் யாருக்குக் கொடுத்தாள், எதைத் தனக்கென்று வைத்தாள் என்று பாட்டு சொல்லவில்லை. முதலிலே அவள் உப்பு வாங்கியிருப்பாள் என்பது என் எண்ணம். அதிலும் ஒரு கை உப்பு வேலிக்கு அப்பால் போயிருக்கும்.

விதைத்த நெல்லை இரவு மழையிலே வாரிவந்து விருந்தினருக்குச் சோறாக்கிய இளையான்குடி மாறனாரையும் அவருடைய துணைவியாரையும் அடுத்த உரையிலே சந்திப்போம்.